காற்றுப் புகாத கார்

எங்கள் சித்தப்பாவின் காரை ஒரு தை மாதம் பார்த்தவர்கள் அடுத்த தை மாதம் பார்த்தால் அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. மலைப்பாதை தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் வைத்து அதைக் கைமாற்றிக்கொண்டு, எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்வரை சித்தப்பாவே ஓட்டி வந்தார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் தம்பி காரைப் பார்த்துக்கொண்டார். இதில் அப்பாவுக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. ஆனால் சந்தைக்குப் போகிற அன்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் முதலில் ஏறி உட்காருகிறவரும் அப்பாதான்.

சித்தப்பாவுக்கு ஓட்டுவதில் இருந்த ஆசையைவிடப் பிரிப்பதில் இருந்த ஆசை பெரிது. வாங்கிய மாதமே ஹாரனை மாற்றினார். புது ஹாரன் எருமை கத்துவதுபோல இருந்ததால் தெருவில் வண்டி நுழைந்தால் தொழுவங்களிலிருந்து பதில் வரும். பிறகு பின்சக்கரம் ஒன்றைத் தரையை விட்டுத் தூக்கி நிறுத்தி, அதில் பட்டை மாட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைத்தார். கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கிற மாடுகள் நிழலில் படுத்து அசைபோட, கார் தண்ணீர் இறைப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அடுத்த போகத்துக்குப் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நிலக்கடலை மூட்டை ஏற்றினார். மழை வந்ததும் சீட்டைத் தேடி எடுத்து மறுபடி மாட்டினார். குரங்கு கையில் பூமாலை என்பாள் அம்மா, அவர் காதில் விழும்படியாகவே.

சின்னம்மா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். அவர் காருக்கு அடியில் கிடக்கும்போது இவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரிப்பாள். அவர் கையை நீட்டினால் எந்தத் திருகுசாவி வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். அந்த வீட்டில் அவர் செய்வதை வேலை என்று மதித்த ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்குத் தலைச்சன் பெண் குழந்தை. பிரசவம் பள்ளிபாளையத்தில், அவள் அப்பா வீட்டில். தாயையும் பிள்ளையையும் கூட்டிவருகிற மூன்றாம் மாதம் கார்த்திகைக் கடைசியில் வந்தது. மார்கழி பிறந்துவிட்டால் அனுப்பமாட்டார்கள் என்பதால், பனி இறங்க ஆரம்பித்திருந்தும் சித்தப்பா போய்க் கூட்டிவந்தார். கூண்டு வண்டியில் இரண்டு நாள் ஆகிற பாதையை அரை நாளில் கடந்துவிட்ட பெருமையில் ஊர் எல்லையிலேயே ஹாரனை அடித்துக்கொண்டு வந்தார். கார் அப்போது திறந்த கார். மேலே ஒரு துணிக் கூரை, பக்கங்களில் ஒன்றும் கிடையாது. அன்று ராத்திரியே குழந்தைக்குச் சளி கட்டியது. மூச்சு இழுத்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். அவள்மேலும் குழந்தைமேலும் காற்றுப் படக்கூடாது. காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டி, சன்னலைச் சாத்தி வைப்பார்கள். மற்ற எந்தக் கட்டுப்பாட்டை மீறினாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தி, அந்தக் கார் குடித்த காற்றெல்லாம் குழந்தை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது என்று சித்தப்பாவை வைத்துக்கொண்டே சொன்னாள். மற்றவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குள் உலகச் சண்டை வந்துவிட்டது. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள். கார் வைத்திருந்தவர்கள் பலர் அதைக் கொட்டகையில் தள்ளிக் கோழி அடையவிட்டார்கள். சித்தப்பா சேலத்துக்குப் போய், பஸ்காரர்கள் கரியில் வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். கொல்லன் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு ஆளுயர இரும்பு உருளை ஒன்றைச் செய்து காரின் பின்னால் கட்டினார். அதற்குள் கரியைப் போட்டு நெருப்பு வைத்து, கைப்பிடி போட்ட விசிறியைச் சுற்றினால், முழுக்க எரியாத கரியிலிருந்து ஒரு வாயு வரும். அந்த வாயு குழாய் வழியாகப் போய் இஞ்சினை ஓட்டும். விசிறி சுற்றுவது என் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கை ஓய்ந்துபோகும், ஆனால் கடைசியில் இஞ்சின் உறுமும்போது நான்தான் அதற்கு உயிர் கொடுத்ததுபோல இருக்கும்.

சின்னம்மா மறுபடி உண்டானாள். மறுபடி பள்ளிபாளையம். இந்தத் தடவை ஆண் குழந்தை, ஆனி மாதக் கடைசியில் மூன்றாம் மாதம் நிறைந்தது. ஆடி பிறந்தால் ஆவணிவரை காத்திருக்க வேண்டும். சின்னம்மாவின் அப்பா, வண்டி கட்டித் தாமே அனுப்பி வைப்பதாகவும் மாப்பிள்ளை சிரமப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அதன் அர்த்தம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது. சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு குழந்தையைக் கொண்டுபோன கார், இந்தக் குழந்தையை உயிரோடு வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காரும் தானும் இருந்து பிரயோசனம் இல்லை என்று அப்பாவிடம் சொன்னார்.

பிறகு காரின் பின்பாதியைப் பெட்டியாக்கத் தொடங்கினார். பழைய அலமாரியைப் பிரித்துச் சட்டம் போட்டார். ராசிபுரத்து நெசவுக்காரர் ஒருவரிடம் கெட்டித் துணி வாங்கி வந்து இரண்டு மடிப்பாக அடித்தார். அம்மாவின் பெரிய வெண்கலப் பானையில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் துணிமேல் பூசினார், காய்ந்ததும் மெழுகு, அது காய்ந்ததும் மறுபடி பசை. பானை போனதற்கு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டைக்கும் துணிக்கும் நடுவே எறும்பு போகிற இடம் இருந்தால்கூட அதில் பஞ்சைத் திணித்து அரக்கு ஊற்றினார். முன்சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் மட்டும் ஒரு தோல் திரை. அதற்கும் வரிசையாகப் பொத்தான்கள். கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும்.

பெட்டியைக் காட்டி மாமனாரிடம் சம்மதம் வாங்க அவர் முன்கூட்டியே பள்ளிபாளையம் போய்வந்தார். ஆனிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த மத்தியானம் அது. ஓட்டி வந்த வண்டி ஆறியபிறகு, மாமனாரைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, கையில் ஓர் அகல் விளக்கை ஏற்றிக் கொடுத்துவிட்டு எல்லாப் பொத்தானையும் மாட்டினாராம். வெளியே தென்னை மட்டை பிய்ந்து விழுகிறது. உள்ளே சுடர் அசையவில்லை. பெரியவர் இறங்கி வந்து மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இதைச் சித்தப்பா ஊரில் எல்லாருக்கும் சொன்னார். நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

கூட்டிவரப் புறப்படுகிற அன்று காலையில் அம்மா வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தியாவது போகாவிட்டால் சம்பந்தி வீட்டில் மரியாதை இல்லை. அதனால் எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி அனுப்பினார்கள். திரும்பும்போது பெட்டிக்குள் சின்னம்மாவுக்கும் குழந்தைக்கும்தான் இடம். மீதி இடத்தைக் கரி மூட்டைகள் பிடித்துக்கொண்டன. கூட வருகிறேன் என்று கிளம்பிய சின்னம்மாவின் அம்மாவுக்கும் இடம் இல்லை. நான் முன்சீட்டில், சித்தப்பாவுக்குப் பக்கத்தில்.

அவர் ஓட்டியதைவிடத் திரும்பிக் கேட்டதுதான் அதிகம். "காத்து வருதா?" என்பார். உள்ளேயிருந்து, "ஒரு பொட்டுக்கூட இல்லீங்க" என்று பதில் வரும். பதிலில் சிரிப்பு இருக்கும். கொஞ்ச தூரம் போவோம். மறுபடி கேட்பார். அவள் மறுபடி அதையே சொல்வாள். அவர் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு தனக்குள் ஏதோ பாடினார். அவர் பாடி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

திருச்செங்கோடு தாண்டி, ஊர் கண்ணில் படாத ஒரு பொட்டல்காட்டில் டயர் வெடித்தது. சண்டைக் காலத்து டயர், ஒட்டுமேல் ஒட்டு. சித்தப்பா இறங்கிப் பார்த்துவிட்டு ஒரு வேப்பமரத்தின் பக்கம் வண்டியைத் தள்ளினார். கரி உருளையை அணைக்கவில்லை. அணைத்துவிட்டால் மறுபடி நெருப்புப் பிடித்து விசிறி சுற்றி வாயு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சின்னம்மா கொஞ்ச நேரம் இறங்கி நிற்கட்டுமா என்று கேட்டாள். காற்று அப்போது மண்ணை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒட்டுப்போடும் வேலை நீண்டது. குழந்தை அழத் தொடங்கியது. அழுகை ஓயவே இல்லை. பிறகு தோல் திரைக்குப் பின்னால் சின்னம்மா தட்டினாள். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேல் பொத்தான்களை மட்டும் கழற்றினார். அவள் முகம் வேர்த்திருந்தது.

"ஏனுங்க, இவன் ஒறங்கவே மாட்டீங்கறான். எனக்குத் தலைய வலிக்குது. புள்ளகிட்டக் கொஞ்ச நேரம் குடுத்துட்டு நானு சித்தக் கண்ணசர்றனே?"

"சீக்கிரம் குடு. காத்து உள்ள வருது பாரு" என்றார் அவர்.

குழந்தையை வாங்கிக் கம்பளியில் சுற்றி, காதை மூடி, காற்று வராத பக்கமாக என் மடியில் வைத்தார். திரையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டி, கையால் தடவிச் சரிபார்த்தார். குழந்தை சற்று நேரத்தில் அழுகையை நிறுத்தித் தூங்கிவிட்டது. தம்பி பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லப் போனேன். "ஒறங்கறா, எழுப்பாத சாமி" என்றார் சித்தப்பா.

வண்டி கிளம்பியதும் அவர் காற்று வருதா என்று கேட்கவில்லை. தூங்குகிறவளை எதற்குக் கேட்பது? நாமக்கல் வந்தது. கோட்டையைக் காட்ட அவளை எழுப்பலாமா என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். ஊர் எல்லையில் இந்தத் தடவை ஹாரன் அடிக்கவில்லை.

வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருக்கிறான், பழுதில்லை என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சித்தப்பா இத்தனையும் செய்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பிறகு பின்கதவைத் திறந்தார். சின்னம்மா கரி மூட்டைமேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, உதடு வெற்றிலை போட்டதுபோல இருந்தது. கல்யாணத்தில்கூட அவள் அத்தனை அழகாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. "தாயூட்டுல நல்லாத் தேறி வந்திருக்கறா" என்றாள் தட்டு வைத்திருந்தவள். சித்தப்பா அவள் தோளைத் தொட்டு எழுப்பினார். அவள் தலை மூட்டையைவிட்டுச் சரிந்தது.

அதற்கப்புறம் நடந்த அழுகையை எழுதப்போவதில்லை. எழுதினால் தீராது.

ஊர் கூடிக் காரணம் கண்டுபிடித்தது. குழந்தையைக் கொடுக்கத் திரையை விலக்கிய அந்த நேரத்தில் காற்று உள்ளே நுழைந்து பச்சை உடம்பில் பாய்ந்துவிட்டது என்று பாதிப்பேர் சொன்னார்கள். வேப்பமரத்துப் பொட்டலில் ஏதோ அண்டிவிட்டது என்றார்கள் மீதிப்பேர். பெட்டியைக் குறை சொன்னவர்கள் யாருமில்லை. சின்னம்மாவின் அப்பா வந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரோரம் குந்தியிருந்த மருமகனின் முன்னால் தாமும் குந்தினார்.

"மாப்பள, உங்க மேல குத்தமில்லீங்க. காத்துப் படாமத்தான் கொண்டாந்தீங்க. நானே உள்ள உக்காந்து பாத்தனே" என்றார்.

சித்தப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதைவிடக் கொடிய வார்த்தையைச் சித்தப்பாவின் விரோதிகூடச் சொல்லியிருக்க முடியாது.

இது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. நான் வாக்கப்பட்டவர் பஸ் பட்டறையில் இருந்தவர். சண்டைக் காலத்தில் கரி வண்டி ஓட்டியவர்களைப் பற்றி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. வண்டி ஓடும்போது இஞ்சின் அதை இழுத்துக்கொள்ளும். நிறுத்தி உருளையை எரியவிட்டால் சந்துபொந்தில் கசியும். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று ஆட்களை விரட்டுவார்களாம். முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும், செத்தவன் முகம் சிவந்து உயிரோடு இருப்பவனைவிட நன்றாக இருக்கும் என்றார். நான் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சின்னம்மா செத்ததற்கு ஊர் சொன்ன காரணம் உண்மைக்கு நேர்மாறு. அந்தப் பொட்டலில் அடித்த காற்றில் ஒரு கைப்பிடி உள்ளே போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். குழந்தை பிழைத்ததே அந்தக் காற்றுக்கு வந்ததனால்தான்.

சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம் பேசினார்கள், அவர் கேட்கவில்லை. பையனை அம்மா வளர்த்தாள். கார்ப் பைத்தியம் மட்டும் அவரை விடவில்லை, அல்லது அவருக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. பிற்காலத்தில் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்தார். அவரிடம் வந்த எந்த வண்டியும் ஓட்டை இல்லாமல் திரும்பியதில்லை. டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சன்னல், காலுக்குக் கீழே சல்லடைத் தகடு, மேலே திறக்கிற மூடி. மழைக்காலத்தில் நனைந்துகொண்டே வந்து டிரைவர்கள் சண்டை போடுவார்கள். ஓட்டைக் கவுண்டர் என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்தார்கள். அவர் ஒருநாளும் விளக்கம் சொன்னதில்லை. வீட்டிலும் ஜுரத்தில் கிடக்கும்போதுகூடக் கதவைச் சாத்தவிடமாட்டார். வயசாகிப் புத்தி பிசகிவிட்டது என்று மருமகள் சொன்னாள்.

அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் எப்படி அறிவேன் என்றால், தெரிந்துகொண்ட அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள். அப்பா காட்டுக்குப் போயிருந்தார், அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்க ஆளைத் தேடிப் போயிருந்தாள். சித்தப்பா அன்றுதான் எழுந்து என்னிடம் வந்து பேசினார், தான் காதால் கேட்டதையே இன்னொரு வாயால் கேட்க வேண்டும் என்பதுபோல.

"பையனைக் குடுக்கறப்போ சின்னம்மா என்ன சொன்னா சாமி?"

"தலைய வலிக்குதுன்னு சொன்னாங்க சித்தப்பா. கண்ணசர்றேன்னாங்க."

அவர் நேரே கொட்டகைக்குப் போய்க் கரி உருளையைப் பற்றவைத்தார். கார் மறுபடி ஓடப்போகிறது என்ற சந்தோஷத்தில் நான் ஓடிப்போய் விசிறியைச் சுற்றினேன். அவர் இஞ்சினைக் கிளப்பவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கி, முட்டையிடுகிற செவலைக் கோழியைப் பிடித்து வந்து, காலைக் கட்டி, பெட்டிக்குள் தலையணை இருந்த இடத்தில் வைத்தார். கதவைச் சாத்தி எல்லாப் பொத்தானையும் மாட்டிவிட்டுச் சுவரோரம் குந்திக்கொண்டார். கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே சிறிது நேரம் சிறகடித்தது. பிறகு சத்தம் இல்லை. அவர் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் திறந்தார். கோழி தலை தொங்கக் கிடந்தது. கொண்டை மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறகைத் தடவித் தடவி, தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கச் சலிப்பாக இருந்தது. சாவு விழுந்ததிலிருந்து வீட்டில் கவுச்சி இல்லை. இன்றைக்குக் கோழிக் குழம்பா என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். இடுப்பளவு குழி வெட்டி, அதில் கோழியை இறக்கி மண்ணைத் தள்ளினார். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நல்ல கோழியை ஒரு வாய் சாப்பிடவிடாமல் மண்ணில் போட்டு மூடிவிட்டாரே என்று, அன்று முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.